முகத்துவாரத்தை மூடிய பாறை: ஃப்ரீமேன்டில் துறைமுகம் பிறந்த கதை

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், ஸ்வான் ஆறு இந்தியப் பெருங்கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், ஒரு சுண்ணாம்புப் பாறைத் தொடர் தண்ணீருக்கடியில் கரைக்குக் கரை நீண்டு கிடந்தது. அதன் மேல் ஓடிய தண்ணீரின் ஆழம் சில அடிகள்தான். உள்ளே அகலமும் ஆழமும் கொண்ட ஆறு, வெளியே திறந்த கடல், நடுவே இந்தப் பாறை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களுக்கு அது ஆற்றைக் கடக்கும் வழியாக இருந்தது. 1829-ல் வந்து குடியேறிய ஆங்கிலேயருக்கு அதுவே பெரும் தடையாயிற்று. ஸ்வான் ஆற்றுக் குடியேற்றத்தின் முதல் எழுபது ஆண்டு வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தப் பாறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குடியேற்றத்துக்கு இடம் பார்த்தவர் கடற்படைத் தளபதி ஜேம்ஸ் ஸ்டர்லிங். 1827 மார்ச் மாதத்தில் 'சக்சஸ்' கப்பலில் வந்து, ஆற்றின் வழியே உள்ளே சென்று பார்த்து, மண்ணையும் துறையையும் புகழ்ந்து அறிக்கை எழுதினார். அவர் வந்தது கோடை முடிகிற பருவம். தெற்குக் காற்று வீசும் அந்த நாள்களில் முகத்துவாரத்துக்கு வெளியே உள்ள 'கேஜ் ரோட்ஸ்' நங்கூரத்தளம் பாதுகாப்பாகவே தோன்றும். மேற்கே ராட்னெஸ்ட் தீவு அலையைத் தடுத்து நிற்கிறது. ஆனால் குளிர்காலத்தில் புயல் வடமேற்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் தடுப்பு எதுவும் இல்லை. ஒரு பருவத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒரு துறையை மதிப்பிட்டதன் விலையை அடுத்து வந்த கப்பல்கள் கொடுத்தன.

முதலில் மாட்டியது ஸ்டர்லிங்கே வந்த கப்பல். 1829 ஜூன் 2-ம் தேதி, குடியேறிகளை ஏற்றிவந்த 'பார்மீலியா'வை அவரே வழிகாட்டி காக்பர்ன் சவுண்டு என்ற விரிகுடாவுக்குள் கொண்டுபோக முயன்றார். கப்பல் மணல்திட்டில் தரைதட்டியது. பெண்களும் குழந்தைகளும் பக்கத்தில் இருந்த கார்னக் தீவில் இறக்கிவிடப்பட்டு, குளிரிலும் மழையிலும் சில நாள்கள் தவித்தார்கள். அந்தத் திட்டுக்கு இன்றும் பார்மீலியா என்றே பெயர். அதே ஆண்டு செப்டம்பரில் 'மார்க்விஸ் ஆஃப் ஆங்கிள்சி' என்ற கப்பலைப் புயல் நங்கூரத்திலிருந்து பிடுங்கி, முகத்துவாரத்தை ஒட்டிய ஆர்தர் முனைக் கரையில் தூக்கிப் போட்டது. மறுபடி கடல் காணாத அந்தக் கப்பலைச் சிறைக்கூடமாகப் பயன்படுத்தினார்கள். 1831-ல் அதே முனையில் கல்லால் சிறை கட்டி முடியும்வரை அந்த ஏற்பாடு நீடித்தது.

கப்பல் தப்பித்து வந்தாலும் சரக்கின் பாடு தீரவில்லை. தலைநகரான பெர்த் ஆற்றின் வழியே சுமார் 19 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடலில் நின்ற கப்பலிலிருந்து சரக்கைப் படகில் இறக்கி, கடற்கரையில் சேர்த்து, அங்கிருந்து நிலம் வழியே ஆற்றுப் பக்கம் சுமந்துபோய், மறுபடி தட்டையான அடிப்பாகம் கொண்ட படகில் ஏற்ற வேண்டும். கடல் அமைதியாக இருந்த நாளில் சிறு படகுகள் பாறையைத் தாண்டுவதுண்டு. அந்தக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், ஓதம் ஏறட்டும் என்று காத்திருந்து பாறையைக் கடக்கலாம் என்ற வழியும் இல்லை. ஒவ்வொரு மூட்டையும் இத்தனை கை மாறியதில் நனைந்தது எவ்வளவு, தொலைந்தது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் குடியேற்றம் தொடக்க காலத்தில் ஏன் அப்படித் தள்ளாடியது என்பது ஓரளவு விளங்கும்.

ஆற்றுக்குள்ளும் இடையூறு இருந்தது. பெர்த்துக்குச் சற்று மேலே ஹெய்ரிசன் தீவுகளைச் சுற்றி ஆறு சேற்றுத்திட்டுகளாகப் பரந்து கிடந்தது. கில்ஃபோர்டு ஊருக்குத் தானியமும் ஆளும் ஏற்றிச் சென்ற படகுகள் அங்கே சிக்கிக்கொள்ளும். ஆற்றின் ஒரு வளைவைத் தவிர்க்க 1831-ல் பர்ஸ்வுட் அருகே ஒரு சிறு கால்வாய் வெட்டினார்கள். 1843-ல் அந்தத் திட்டுகளின் மேல் பாதையும் பாலமும் திறக்கப்பட்டன. 1862 வெள்ளம் அவற்றை அடித்துக்கொண்டு போனது. 1850-களில் சிறு நீராவிப் படகுகள் ஆற்றில் ஓடத் தொடங்கின. 1881-ல் முகத்துவாரத்து ஊரான ஃப்ரீமேன்டிலையும் பெர்த்தையும் கில்ஃபோர்டையும் ரயில் இணைத்த பிறகு ஆற்றுச் சரக்குப் போக்குவரத்து மெல்ல ஒடுங்கியது.

கடல் பக்கப் பாதுகாப்புக்கான முதல் பெரிய வேலை ராட்னெஸ்ட் தீவின் கலங்கரை விளக்கம். 1851-ல் அது ஏற்றப்பட்டது. அதன் சுண்ணாம்புக் கல்லை வெட்டியவர்களும் சுமந்தவர்களும் பூர்வகுடிக் கைதிகள். 1838 முதல் அந்தத் தீவே அவர்களுக்கான சிறையாக இருந்தது. ஆடு மாடு திருடினார்கள் என்பது போன்ற குற்றச்சாட்டுகளின் பேரில் நெடுந்தொலைவிலிருந்தும் விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் அந்தத் தீவிலேயே இறந்து புதைந்தார்கள். கப்பல்களுக்கு வழிகாட்டிய அந்த விளக்கின் வரலாற்றை இவர்களை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

1873-ல் ஆர்தர் முனையிலிருந்து கடலுக்குள் நீண்ட மரக் கடற்பாலம் திறக்கப்பட்டது. பின்னர் இரண்டு முறை அதை நீட்டினார்கள். கப்பல் நேரே வந்து கட்டலாம் என்பது வசதிதான். ஆனால் வடமேற்குப் புயல் எழுந்தால், பாலத்தில் மோதி உடையாமல் இருக்கக் கப்பல் கட்டை அவிழ்த்துக்கொண்டு கடலுக்கு ஓட வேண்டும். இந்த அபாயத்துக்கு அஞ்சிய பெரிய தபால் கப்பல்கள் ஃப்ரீமேன்டிலை எட்டிப் பார்க்காமல், தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆல்பனித் துறையில் நின்று போயின.

ஆற்றையே துறைமுகமாக்கலாமே என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அன்றைய புகழ்பெற்ற துறைமுகப் பொறியாளர் சர் ஜான் கூடிடம் கருத்துக் கேட்டார்கள். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை வடிவமைத்தவர் இவரே. 1877-லும் 1887-லும் அவர் அளித்த அறிக்கைகள் ஆற்றைத் திறக்க வேண்டாம் என்றன. கரையோரமாக நகரும் மணல், வெட்டிய வழியைத் திரும்பத் திரும்ப அடைத்துவிடும் என்பது அவர் கூறிய காரணம். அவர் சொல்லை மறுத்துப் பேச அங்கே ஆள் இல்லை.

மறுத்தவர் 1891-ல் வந்து சேர்ந்தார். அயர்லாந்தில் பிறந்து நியூசிலாந்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த சார்லஸ் யெல்வர்டன் ஓ'கானர் மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைமைப் பொறியாளரானார். கரையையும் கடலடியையும் ஆராய்ந்த அவர், கூட் அஞ்சிய அளவு மணல் நகர்வு இங்கே இல்லை என்ற முடிவுக்கு வந்தார். முதல்வர் ஜான் ஃபாரஸ்ட் தொடக்கத்தில் ஆற்றுக்கு வெளியே, தெற்கே உள்ள ஓவன் நங்கூரத்தளத் திட்டத்தையே விரும்பினார். ஓ'கானர் பின்வாங்கவில்லை. நாடாளுமன்றக் குழுவின் முன் தம் வாதத்தை வைத்து நிலைநாட்டினார். பேரறிஞர் ஒருவரின் எழுத்து மூலமான தீர்ப்பை, நேரில் அளந்து பார்த்த கணக்கைக் கொண்டு மாற்றியதுதான் இந்த வரலாற்றின் உச்சம்.

1892 நவம்பரில் வேலை தொடங்கியது. முகத்துவாரத்தின் இரு பக்கமும் கடலுக்குள் நீளும் இரண்டு கல் அணைக்கரைகள் முதலில் எழுந்தன. அருகில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லையும் மலைப்பகுதியிலிருந்து வந்த கருங்கல்லையும் ரயில் வண்டிகளில் கொண்டுவந்து, வண்டி வண்டியாகக் கடலில் கவிழ்த்தார்கள். போட்ட கல்லின் மேலேயே தண்டவாளம் நீளும். அதன் நுனியிலிருந்து அடுத்த வண்டி கவிழும். வடபுறக் கரை வளர வளர வடமேற்கு அலை முகத்துவாரத்துக்கு வருவது தணிந்தது. அதன் பிறகு பாறையின் முறை வந்தது. துளையிட்டு வெடிவைத்துத் தகர்த்து, உடைந்த கல்லைத் தூர்வாரும் கப்பல்கள் அள்ளின. கப்பல் வழியும் உள்துறையும் 30 அடி ஆழத்துக்குத் தோண்டப்பட்டன. ஆற்றின் தென்கரையில் கப்பல்களைக் கட்டி நிறுத்தும் துறைமேடை எழுந்தது. அதே ஆண்டுகளில் கூல்கார்டியிலும் கால்கூர்லியிலும் தங்கம் கிடைத்து, ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து குவிந்ததால் அரசுக்குப் பணமும் அவசரமும் சேர்ந்தே வந்தன.

1897 மே 4-ம் தேதி, சிங்கப்பூர்த் தடத்தில் ஓடிய 'சுல்தான்' நீராவிக் கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. சுக்கானைப் பிடித்திருந்தவர் ஃபாரஸ்டின் மனைவி.

துறை பாதுகாப்பானாலும் அதை அடையும் வழியில் ஆபத்து மிச்சமிருந்தது. 1899 ஜூலை 12-ம் தேதி இரவு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த 'சிட்டி ஆஃப் யார்க்' பாய்மரக் கப்பல் ராட்னெஸ்ட் அருகே வந்தது. கப்பல் கரையை நெருங்கிவிட்டதைக் கண்ட விளக்குக் காவலர் எச்சரிக்கையாகத் தீப்பந்தம் காட்டினார். கப்பல் தலைவரோ அதை வழிகாட்டிப் படகின் சமிக்ஞை என்று நினைத்து அதை நோக்கியே வந்து பாறையில் மோதினார். அவர் உள்பட 11 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே தீவின் வடகிழக்கில் பாதர்ஸ்ட் முனையில் இரண்டாவது கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது.

1900-ல் தபால் கப்பல்கள் ஆல்பனியை விட்டு ஃப்ரீமேன்டிலுக்கு வரத் தொடங்கின. தங்க வயல்களுக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுசெல்லும் திட்டத்துக்காகக் கடுமையாகத் தாக்கப்பட்ட ஓ'கானர் 1902 மார்ச்சில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு துறைமுக நிர்வாகத்துக்கென ஃப்ரீமேன்டில் துறைமுக வாரியம் அமைந்தது.

பாறை போனதால் ஆறும் மாறியது. கடல்நீர் தடையின்றி உள்ளே ஏற, மேல்பகுதிகளில் உப்பு கூடி, ஆற்றின் உயிரினங்களும் கரையோரச் செடிகொடிகளும் மாறின. நூங்கார் மக்கள் தங்கள் கடவுவழியை இழந்தார்கள். கூட் அஞ்சியபடி மணல் வந்து அடைக்கவில்லை. ஓ'கானர் திறந்த அதே வாயில் வழியாகத்தான் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெட்டகக் கப்பல்கள் இன்றும் ஆற்றுக்குள் வருகின்றன.