பட்டியலில் இல்லாத ரெய்டு 0

1988 ஜூனில் சிகாகோவில் நடந்த தரவுத்தள மாநாட்டுக்கு பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் டேவிட் பாட்டர்சன், ரேண்டி கட்ஸ் என்ற இரு பேராசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர் கார்த் கிப்சனும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல் இயக்கும் முறைக்கு ரெய்டு என்ற பெயரைக் கொடுத்த கட்டுரை அதுதான். வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை இணைத்து வேகம் கூட்டுகிறவர்கள் 'ரெய்டு 0' என்று சொல்கிறார்களே, அது மட்டும் அதில் இல்லை. இருந்தவை 1 முதல் 5 வரை ஐந்து வகைகள்தான்.

அப்போது பிராசஸர்கள் வருடத்துக்கு வருடம் பாய்ந்து கொண்டிருந்தன. டிஸ்க்கோ ஒரு இயந்திரம். தட்டு சுழல வேண்டும், வாசிக்கும் கை நகர வேண்டும். பெரிய நிறுவனங்கள் வைத்திருந்த ஐபிஎம் 3380 டிஸ்க்கின் தட்டு 14 அங்குல விட்டம், கொள்ளளவு 7,500 எம்பி. அதே சமயம் பெர்சனல் கம்ப்யூட்டர்களுக்காக 3.5 அங்குலத்தில் 100 எம்பி டிஸ்க்கை கானர் நிறுவனம் விற்றுக்கொண்டிருந்தது. அந்தப் பொடியன்கள் 75 பேரைச் சேர்த்தால் ஐபிஎம் டிஸ்க்கின் கொள்ளளவு வந்துவிடும்; தரவை அள்ளித் தரும் திறனோ 12 மடங்கு வரை போகலாம், மின்செலவும் விலையும் குறைவு என்று மூவரும் கணக்குப் போட்டார்கள்.

அதே கணக்கு அவர்களை மிரட்டவும் செய்தது. ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் பழுதில்லாமல் ஓடும், அதாவது மூன்று வருடத்துக்கு மேல். அப்படிப்பட்ட 100 டிஸ்க்குகளைச் சேர்த்தால் அவற்றில் ஏதாவது ஒன்று சராசரியாக 300 மணி நேரத்தில் போய்விடும். இரண்டு வாரம்கூட இல்லை! தரவு எல்லா டிஸ்க்கிலும் துண்டு துண்டாகப் பரவியிருக்கும்போது ஒன்று போனால் மொத்தமும் போனது போலத்தான். ஆகவே வேகத்தைச் சொல்லி ஆரம்பித்த கட்டுரையின் பெரும்பகுதி, உபரிப் பிரதியையோ சரிபார்ப்புத் தகவலையோ வைத்து இந்த ஆபத்தைச் சமாளிப்பது எப்படி என்பதற்கே செலவானது.

துண்டு போட்டுப் பரப்பும் உத்தி, ஸ்ட்ரைப்பிங், அவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1986இலேயே பிரின்ஸ்டனின் கென்னத் சேலமும் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் அதைப் பற்றி எழுதியிருந்தார்கள். பாதுகாப்பே இல்லாத வெறும் ஸ்ட்ரைப்பிங் அதனால் ரெய்டு வீட்டின் ரேஷன் கார்டில் பெயர் ஏறாத பிள்ளையாக இருந்தது. 1994இல் பெர்க்லிக்காரர்கள் இன்னும் இருவரோடு எழுதிய விரிவான ஆய்வுக் கட்டுரையில் 'உபரி இல்லாதது' என்ற குறிப்போடு 0 என்ற எண்ணையும் சேர்த்து அதற்கு இடம் தரப்பட்டது. பொருத்தமான எண் என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்குள் அது நுழைந்தது, மதர்போர்டிலேயே ரெய்டு வசதி வரத் தொடங்கிய பிறகு. 2003இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும் ராப்டர் டிஸ்க்கை 36 ஜிபியில் வெளியிட்டதும், அதில் இரண்டை ஜோடி சேர்ப்பது கேம் பிரியர்களுக்குப் பெருமையானது. ஆனால் கை நகரும் நேரம் ஜோடி சேர்ந்ததால் குறையாது. நீளமான வீடியோ ஃபைலை வாசிக்கும்போது கிட்டத்தட்ட இரட்டை வேகம் கிடைக்கும். ஆயிரம் சின்ன ஃபைல்களைத் தேடும் வேலையில் அத்தனை வித்தியாசம் தெரியாது.

இன்று ரெய்டு 0க்கு டிஸ்க் வாங்குகிறவர் ஒரே மாடல், ஒரே கொள்ளளவு என்று எடுப்பது நல்லது. பெரும்பாலான மதர்போர்டு ரெய்டில் 2 டிபியையும் 4 டிபியையும் சேர்த்தால் 4 டிபிதான் கிடைக்கும், மீதி வீண். வேகமும் மெதுவானதை ஒட்டியே அமையும். அடுத்து, டிஸ்க்கின் பதிவு முறை சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பாருங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், தொடர்ந்து எழுதும்போது திணறும். அட்டைப்பெட்டியில் அதைச் சொல்லாமலே சில தயாரிப்பாளர்கள் விற்றுவந்தது 2020இல் அம்பலமானது. அதனால் மாடல் எண்ணை வைத்துத் தேடிவிட்டு வாங்குங்கள். 'ரெய்டுக்கு ஏற்றது' என்று விற்கப்படும் டிஸ்க்குகளுக்கு ஒரு குணம் உண்டு: பழுதான இடத்தை வாசிக்கச் சில நொடிகள் முயன்றுவிட்டுக் கைவிட்டுவிடும். வேறு டிஸ்க்கிலிருந்து தரவை மீட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம் அது. ரெய்டு 0இல் அந்தத் தைரியத்துக்கு இடமில்லை.

அதற்கும் முன்னால் இன்னொன்றை யோசியுங்கள். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஒன்றே நொடிக்கு 500 எம்பிக்கு மேல் வாசிக்கிறது. வேகம் மட்டும் போதுமென்றால் இந்தப் பாடே வேண்டாம். பெரிய கொள்ளளவும் வேகமும் சேர்ந்து தேவைப்படும் வீடியோ வேலைக்காரர்களுக்குத்தான் ஹார்ட் டிஸ்க் ஜோடி இன்னும் அர்த்தமுள்ளது. அவர்களும் மூன்றாவதாக ஒன்றை வாங்கி பேக்கப் எடுக்க வேண்டும். கையில் இரண்டு டிஸ்க்குக்குத்தான் பணம் இருக்கிறதா? ஒன்றில் வேலை செய்யுங்கள், மற்றதில் பேக்கப் வையுங்கள். ரெய்டு 0 வேண்டாம்.