வல்வெட்டித்துறைக் கூடங்களில் எரிந்த விளக்குகள்

ரொறன்ரோவில் குடியிருக்கும் வல்வெட்டித்துறை அன்பர் ஒருவர் சென்ற மாதம் எனக்கொரு கேள்வி அனுப்பியிருந்தார். புதிதாக வாங்கிய வீட்டின் வரவேற்பறைக்கு 1950களின் பாணியில் அமைந்த விளக்குகளைத் தேடுகிறாராம். கடைக்காரர்கள் டென்மார்க்கின் விளக்குகளையும் அமெரிக்காவின் விளக்குகளையுமே காட்டுகிறார்களாம். அதே காலத்தில் நமது ஊர்க் கூடங்களில் எரிந்தவை எவை, அவற்றில் ஒன்றை இங்கே கொண்டுவந்து வைக்கலாமா என்பது அவர் ஐயம். பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்த எனக்கு, அரசியல் அல்லாத கேள்வி வருவதே அரிது. ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். இரங்கூன், அக்கியாப், நாகபட்டினம் என்று பாய்க்கப்பல் செலுத்தியவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். அங்கு கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அது 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்ற புதுப்பெயருடன் 1938 ஓகஸ்ட்டில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை ஊரவர் யாவரும் அறிவர். பர்மாவிலிருந்து அரிசியோடு தேக்கும் வந்தமையால், வசதி படைத்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் கதிரைகளும் கருமை படிந்த தேக்கினால் ஆனவை. அந்த மரத்தின் மீது மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளி விழும்போது உண்டாகும் நிறத்தைத்தான் இன்றைய அலங்காரக் கடைகள் பெரும் விலைக்கு விற்க முயல்கின்றன.

அக்காலத்து வீடு ஒன்றில் விளக்குகளுக்கு இடமும் வரிசையும் உண்டு. சுவாமி அறையில் குத்துவிளக்கு. கூடத்து மேசையில் கண்ணாடிச் சிமினியுடன் மேசை லாம்பு. விறாந்தைக்கும் கிணற்றடிக்கும் அரிக்கன் லாம்பு. கல்யாணம், செத்தவீடு, கோயில் திருவிழா என்றால் பெற்றோமக்ஸ்.

புயலைக் குறிக்கும் 'ஹரிக்கேன்' என்ற ஆங்கிலச் சொல்லே நம்மவர் நாவில் 'அரிக்கன்' ஆயிற்று. இரு பக்கத்துக் குழாய்களின் வழியாகக் காற்று இறங்கிச் சுடரை அடைவதால் வெளிக்காற்று அதனை அணைப்பதில்லை. கடற்கரை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கு வேறில்லை. ஜேர்மனியின் ஃபொயர்ஹாண்டும் அமெரிக்காவின் டீற்ஸும் இதில் உலகப் பெயர் பெற்றவை. பொழுது சாய்வதற்கு முன் சாம்பலும் பழந்துணியும் கொண்டு சிமினி துடைப்பது பிள்ளைகளின் வேலை. சிறிய கைதானே சிமினிக்குள் நுழையும்!

பெற்றோமக்ஸின் கதை வேறு. பேர்லினில் மாக்ஸ் கிரேற்ஸ் என்பவர் உருவாக்கிய அந்த விளக்கில், அமுக்கத்தினால் மேலேறி வெப்பத்தினால் ஆவியாகும் மண்ணெண்ணெய் ஒரு வலைத் துணியைப் பழுக்கக் காய்ச்சி ஒளிரச் செய்கிறது. வெளிச்சம் அபாரம், ஆனால் கண்ணைக் கூசவைக்கும், இடைவிடாது இரையும். அதனடியில் அமர்ந்து எவரும் மெல்லிய குரலில் உரையாட முடியாது. கூடத்துக்கு அது ஒருபோதும் உரியதாக இருந்ததில்லை. அன்பர் அதனைத் தவிர்ப்பதே நன்று.

கரையோர ஊர்களுக்கு மின்சாரம் படிப்படியாக வந்தபோது விளக்கு மேசையிலிருந்து கூரைக்கு ஏறியது. பின்னர் ரியூப் லைற் வந்து கூடத்தின் நான்கு மூலைகளையும் ஒரே சீராக வெளுக்க வைத்தது. அதுவரை வீட்டார் விளக்கைச் சுற்றிக் கூடினார்கள். அதன் பின்னர் ஆளுக்கொரு மூலையில் அமர முடிந்தது. இதனை முன்னேற்றம் அன்று என்று நான் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளைக்கும் தைக்கிற தாய்க்கும் அது பெரும் வரம். ஆயினும் கூடம் தன் நெருக்கத்தை அன்றுதான் இழந்தது என்பது என் கருத்து.

இதே இழப்பை ஐரோப்பாவில் ஒருவர் முன்பே உணர்ந்திருந்தார். டென்மார்க்கின் பௌல் ஹெனிங்சன், மண்ணெண்ணெய் விளக்கொளியில் வளர்ந்தவர். மின்குமிழின் கூச்சத்தை மறைத்து அந்தப் பழைய மென்மையை மீட்பதற்காகவே 1920களிலிருந்து அடுக்கடுக்கான மூடிகளை வடிவமைத்தார். இன்று கடைக்காரர்கள் காட்டும் 'பி.எச். 5' அவர் 1958இல் வடிவமைத்தது. விட்டம் 50 சென்ரிமீற்றர், உள்ளே சிவப்பும் நீலமுமாகச் சிறு மூடிகள். அன்பர் டென்மார்க்கின் விளக்கு என்று எண்ணுவது, ஒரு வகையில் நம் மேசை லாம்பின் மின்சார உறவினரே.

ஜப்பானியத் தந்தைக்குப் பிறந்த அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சியின் 'அக்காரி' விளக்கு இன்னும் சுவையானது. 1951இல் கிஃபு நகருக்குச் சென்ற அவர், நாகரா ஆற்றின் இரவு மீன்பிடியைக் கண்டார். அந்நகரத்தின் மூங்கில் காகித விளக்குத் தொழிலுக்குப் புத்துயிர் ஊட்டினார். மூங்கிலும் மெல்லிய தாளும் என்றவுடன் வல்வெட்டித்துறையாருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். தைப்பொங்கலுக்கு விண் பூட்டிப் பட்டம் ஏற்றுகிறவர்களும், சித்திரா பௌர்ணமியன்று முத்துமாரி அம்மன் கோயில் இந்திரவிழாவில் வெப்பக் காற்று நிரப்பிப் புகைக்குண்டு விடுகிறவர்களும் அவர்கள்தாமே. தாளை ஒட்டி வளைவு எடுக்கும் கைப்பழக்கம் அவ்வூரில் தலைமுறைச் சொத்து. ஆனால் அது வானத்துக்குச் சென்றது. வீட்டுக்குள் விளக்காக வரவில்லை.

இனி அன்பர் கேட்காமல் கேட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயும் பட்டரியும் தடைசெய்யப்பட்ட அல்லது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களாயின. அதற்கு முந்திய ஆண்டு, 1989 ஓகஸ்ட்டில், இந்தியப் படையினரின் நடவடிக்கையில் வல்வெட்டித்துறையில் 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரியூட்டப்பட்டிருந்தன. அந்தத் தேக்குக் கூடங்களில் எத்தனை மிஞ்சின என்பதை ஊரவரே சொல்ல வேண்டும். அக்காலத்தில் பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் சிறிது பஞ்சு; அதில் ஊறுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய்; சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் நுழைத்த மெல்லிய நூல்திரி. போத்தலின் கண்ணாடியே காற்றுக்கு மறைப்பு. அரிக்கன் லாம்பு எண்ணெயை அதிகம் குடிக்கும் என்று மூலையில் ஒதுக்கப்பட்டது. இந்தச் சிறு சுடரில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று உலகெங்கும் மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள்.

அன்பர் தம் பட்டியலில் இந்த ஜாம் போத்தலையும் சேர்த்திருந்தார். உள்ளே மின்குமிழ் வைத்துத் தொங்கவிடும் எண்ணமாம். அவருடைய தாயார் மட்டும் உடன்படவில்லை. நான் தாயாரின் பக்கம். அரிக்கன் லாம்பு விரும்பி வாங்கிய பொருள். ஜாம் போத்தல் வேறு வழியின்றிச் செய்துகொண்ட பொருள். இரண்டையும் ஒரே அலங்காரத் தட்டில் வைக்க அவர் மனம் ஒப்பாதது இயல்பே.

ஆகவே என் பரிந்துரை இது. கூரை விளக்கை அணைத்துவிட்டு, கதிரையில் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்குக் கீழே இரண்டு விளக்குகளை வையுங்கள். குமிழ் வாங்கும்போது பெட்டியில் 2700 கெல்வின் அல்லது அதற்குக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணெண்ணெய்ச் சுடர் ஏறத்தாழ 1900. பழைய அரிக்கன் கிடைத்தால் மின்குமிழ் பொருத்துங்கள். அடைத்த அறையில் எண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டாம், நச்சுப்புகை சேரும். சிமினியை வாரம் ஒருமுறை பிள்ளைகளைக் கொண்டு துடைப்பியுங்கள்.