மூன்றில் ஒரு பங்குதான்!

"இந்தப் படிப்பு பெண்களுக்கு ஒத்து வராது" என்று வீட்டில் சொன்னால் எதிர்த்துப் பேசலாம். அதுவே விதியாகிவிட்டால்?

சிங்கப்பூரில் அப்படித்தான் நடந்தது. அன்று அங்கிருந்த ஒரே மருத்துவக் கல்லூரியில், 1979ஆம் ஆண்டு முதல் மாணவிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர முடியாது என வரம்பு கட்டப்பட்டது. மதிப்பெண்ணில் குறை ஏதுமில்லை. பெண் மருத்துவர்கள் குடும்பம், குழந்தை என்று வந்ததும் வேலையை விட்டுவிடுவார்கள். பயிற்சிக்குச் செலவிட்ட பணம் வீணாகும் என்பதே சொல்லப்பட்ட காரணம். வீட்டுப் பொறுப்பு ஆண்களுக்கும் உண்டு என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரே தகுதி இருந்தும் அண்ணனுக்குக் கிடைத்த இடம் தங்கைக்குக் கிடைக்காமல் போகலாம் என்ற நிலை.

1985ல் தோன்றிய 'அவேர்' மாதர் அமைப்பு இதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவரான டாக்டர் கன்வல்ஜிட் சொய்ன், தாமே ஓர் அறுவை சிகிச்சை நிபுணர். 1992ல் நாட்டின் முதல் பெண் நியமன நாடாளுமன்ற உறுப்பினரானவர். 2002 டிசம்பரில் வரம்பு நீக்கப்படுவதாக அரசாங்கம் அறிவித்தது. 2003 முதல் தகுதி மட்டுமே அளவுகோலானது.

பெண்கள் ஏன் சில படிப்புகளை எடுப்பதில்லை என்று கேட்பவர்கள், அந்தக் கதவு அவர்களுக்குத் திறந்திருந்ததா என்றும் கேட்க வேண்டும் அல்லவா?