அனைவருக்கும் பொதுவான பட்டறை: சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தொழிற்கல்வி

1968ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், சிங்கப்பூரிலுள்ள தன் படைத்தளங்களை 1971க்குள் மூடப்போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. நாட்டின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களைச் சார்ந்திருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்தோருள் தமிழ்க் குடும்பங்களும் பல. ஜூரோங்கில் ஆலைகள் எழுந்துகொண்டிருந்தன. அவற்றை இயக்கவல்ல கைகளை எங்கே பெறுவது என்ற கேள்வி, பள்ளிக்கூடத்தின் வாசலில் வந்து நின்றது.

அதற்கு முன்னரும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1929இலேயே அரசினர் தொழிற்பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. 1960களின் நடுவில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தேறாத பிள்ளைகளுக்கெனத் தனித் தொழிற்பள்ளிகள் அமைந்தன. தோற்றவர் செல்லுமிடம் என்ற பெயர் அவற்றின்மேல் படிந்துவிட்டது. அப்பத்தாண்டு முடியுமுன் அத்திட்டம் கைவிடப்பட்டது.

1968இல் கல்வி அமைச்சில் தொழில்நுட்பக் கல்விக்கெனத் தனித் துறை உருவாயிற்று. மறு ஆண்டு முதல், உயர்நிலைப்பள்ளியின் கீழ்வகுப்பு மாணவர் அனைவரும் மரவேலை, உலோகவேலை, தொழில்நுட்ப வரைபடம் ஆகியவற்றைக் கற்றனர். மாணவியருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும் அவ்வாய்ப்புக் கிட்டியது. மருத்துவராகப் போகிறவனும் பொருத்துநராகப் போகிறவனும் ஒரே பட்டறையில் அரம் பிடித்தனர். மயிரிழை பிசகினாலும் உலோகம் பொருந்தாது என்னும் உண்மையை இருவரும் தம் கையாலேயே அறிந்தனர். பட்டறை பொதுவானபோது அது எவருக்கும் இழுக்காகவில்லை.

இவ்வேறுபாடே நாம் கருதத்தக்கது. முன்னது தோல்விக்குத் தரப்பட்ட மாற்று. பின்னது கல்வியின் ஓர் உறுப்பு. கற்பித்த தொழில் ஏறத்தாழ ஒன்றே. அதனை யாருக்கென வைத்தோம் என்பதே அதன் மதிப்பை வரையறுத்தது.

1973இல் தொழிற்பயிற்சி வாரியமும், 1992இல் தொழில்நுட்பக் கல்விக் கழகமும் நிறுவப்பட்டன. பயிற்சியின் தரம் உயர்ந்தது. எனினும் பழைய ஏளனம் எளிதில் அகலவில்லை. 1994இல் தொடங்கிய வழக்கநிலைத் தொழில்நுட்பப் பிரிவும் பிள்ளைகளின்மேல் ஒரு முத்திரையாகவே விழுந்தது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல், அத்தகைய பிரிவுகள் நீக்கப்பட்டுள்ளன.

பிரிவின் பெயரை அரசாணை நீக்கலாம். வகுப்பறைப் பேச்சிலிருந்து அதனை நீக்குவது ஆசிரியர் கடன். “படிப்பு வராவிட்டால் தொழிலுக்குப் போ” என்று ஒரு மாணவனிடம் சொல்லும்போது, 1960களில் தோற்ற திட்டத்தையே நாம் மீண்டும் தொடங்கிவைக்கிறோம்.