475 டாலர்

1850இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் டேவிட் பேட்டர்சன் என்ற வயதான பண்ணைக்காரர் உயில் எழுதினார். ராட்டை, அரிவாள், மேசைவிரிப்பு, மாடு கன்று என்று இருந்ததையெல்லாம் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். அந்தச் சாமான்களோடு ஒரு பெண் குழந்தையும் இருந்தாள். பெயர் மெல்வினியா. வயது ஆறு. 1852இல் பேட்டர்சன் இறந்ததும் சொத்துக்கு மதிப்புப் போட்டார்கள். மெல்வினியாவுக்கு எதிரே எழுதிய தொகை 475 டாலர்.

2009 ஜனவரியில் மிஷெல் ஒபாமா வெள்ளை மாளிகைக்குக் குடிபோனார். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு கட்டுரைதான் இந்த உயிலை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தது. வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் ஆவணங்களைத் தேடி எடுக்க, அந்த நாளிதழின் ரேச்சல் ஸ்வார்ன்ஸ், ஜோடி கான்டர் இருவரும் எழுதினார்கள். 475 டாலர் மதிப்புள்ள அந்தக் குழந்தை, மிஷெலின் அம்மா வழியில் ஐந்து தலைமுறை மேலே நிற்கும் பாட்டி.

ஐந்து தலைமுறை என்பது ஒன்றும் எட்டாத தூரம் இல்லை. ஆனால் அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் தன் முன்னோரைத் தேடிப் போனால், பெரும்பாலும் 1870இல் ஒரு சுவரில் முட்டிக்கொள்வார். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது 1865இல். அதற்குப் பிறகு நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1870இல். அடிமைகளாக இருந்த லட்சக்கணக்கானோர் தங்கள் சொந்தப் பெயரோடு அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அப்போதுதான்.

அதற்கு முன்னால் எண்ணவே இல்லையா என்றால், எண்ணினார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்றே தனி அட்டவணை உண்டு. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே வரிசையாக வயது, பாலினம், நிறம். தப்பி ஓடியவரா, விடுவிக்கப்பட்டவரா என்பதற்குக்கூடப் பத்தி உண்டு. அடிமையின் பெயருக்குப் பத்தி கிடையாது. நான் தினமும் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிற ஆள். ஒரு தகவல் விடுபட்டுப்போவது வேறு, அதற்கு இடமே ஒதுக்காமல் அட்டவணையை வடிவமைப்பது வேறு. முதலாவது கவனக்குறைவு. இரண்டாவது, உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு.

ஆக, 1870க்கு முன்னால் போக வேண்டுமென்றால் பேத்தி தன் பாட்டியின் பெயரைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. பாட்டியைச் சொத்தாக வைத்திருந்தவரின் பெயரைத்தான் தேட வேண்டும். நம்மூரில் நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல ஒரு மனுஷிக்கு வில்லங்கம் பார்க்க வேண்டும். உயில், மதிப்பீட்டுப் பட்டியல், விற்பனைப் பத்திரம், அடமானம், வரிக் கணக்கு என்று கைமாறிய கணக்கையெல்லாம் புரட்ட வேண்டும்.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கை இருக்கிறது. கணக்கெடுப்பில் இல்லாத பெயர் உயிலில் இருக்கிறது. ஏன்? கணக்கெடுப்புக்குத் தலைகளின் எண்ணிக்கை போதும். சொத்தைப் பிரிக்கும்போது அது போதாது. எந்த மகளுக்கு எந்தக் குழந்தை என்று சண்டை வராமல் இருக்க அடையாளம் வேண்டும், அதற்குப் பெயர் வேண்டும். பண்ணைக்காரர் இறந்தபின் நீதிமன்றம் நியமித்த அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து, கலப்பை முதல் கட்டில் வரை ஒவ்வொன்றாகப் பார்த்து விலை எழுதுவார்கள். மெல்வினியா வாழ்ந்ததற்கான சாட்சியம் நமக்குக் கிடைத்தது, அவளை மனுஷியாக மதித்ததால் அல்ல. அவளுக்கு விலை இருந்ததால்.

உயில் அவளை ஜார்ஜியாவுக்கு அனுப்பியது. பேட்டர்சனின் மகள் கிறிஸ்டியானும் மருமகன் ஹென்றி ஷீல்ட்ஸும் அட்லாண்டாவுக்குத் தெற்கே, இன்று ரெக்ஸ் என்று அழைக்கப்படும் ஊருக்குப் பக்கத்தில் விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். 200 ஏக்கர் நிலம். கோதுமை, சோளம், சர்க்கரைவள்ளி, பருத்தி. 1860இல் அங்கே இருந்த அடிமைகள் மூன்றே பேர். தென் கரோலினாவில் தன்னைச் சுற்றி இருந்த முகங்களையெல்லாம் விட்டுவிட்டு வந்த குழந்தைக்கு இனி இவ்வளவுதான் உலகம்.

1859 வாக்கில் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். டால்ஃபஸ். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது இருக்கலாம். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது 1662இல் வர்ஜீனியா இயற்றிய சட்டம். பின்னர் அடிமைமுறை இருந்த இடங்களிலெல்லாம் அதுவே விதியாயிற்று. தகப்பன் யாராக இருந்தாலும், பண்ணையின் முதலாளியே ஆனாலும், பிள்ளை சொத்துக் கணக்கில்தான் சேரும்.

1870 கணக்கெடுப்பில் மெல்வினியா விவசாயக் கூலியாக வருகிறாள். பக்கத்து வீட்டில் ஹென்றியின் மகன்களில் ஒருவரான சார்லஸ் ஷீல்ட்ஸ். அவளுடைய நான்கு பிள்ளைகளில் மூன்று பேருக்கு ‘கலப்பினம்’ என்று குறித்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை, விடுதலைக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தது. பிள்ளைகள் எல்லோருக்கும் ஷீல்ட்ஸ் என்றே குடும்பப் பெயர்.

இந்த இடத்தில்தான் எழுதுகிறவனுக்குக் கை அரிக்கும். வன்கொடுமை என்று எழுதலாமா? விடுதலைக்குப் பிறகும் ஏன் அங்கேயே இருந்தாள்? ஒருவேளை பாசமா? ஆவணம் எதுவும் சொல்வதில்லை. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வேண்டாம் என்று சொல்லும் உரிமை சட்டப்படி இல்லாத ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் சம்மதத்தைப் பற்றி நாம் பேசுவதில் அர்த்தமில்லை.

கை அரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அலெக்ஸ் ஹேலி உதாரணம். 1976இல் வெளிவந்த அவருடைய ‘ரூட்ஸ்’, தன் மூதாதை குன்டா கின்டே 1767இல் கப்பலில் அனாபொலிஸ் வந்து இறங்கி, டோபி என்ற பெயரோடு வாலர் குடும்பத்துக்கு அடிமையானதாகச் சொன்னது. ஆதாரமாக, டோபியைக் கைமாற்றிய 1768ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. 1981இல் கேரி மில்ஸ், எலிசபெத் மில்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதே குடும்பத்தின் மற்ற காகிதங்களைப் புரட்டினார்கள். டோபி 1762லேயே அங்கே இருக்கிறான், கப்பல் வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே! ஹேலியின் நூலால் உந்தப்பட்டு லட்சக்கணக்கானோர் தங்கள் வேர்களைத் தேடக் கிளம்பினார்கள் என்பதும் உண்மை. அவர் ஒரு பத்திரத்தைப் பிடித்ததும் தேடலை நிறுத்திவிட்டார் என்பதும் உண்மை. நமக்கு வேண்டிய பதிலைத் தரும் ஆவணத்தைத்தான் இரண்டு மடங்கு சந்தேகப்பட வேண்டும்.

மெல்வினியா விஷயத்தில் ஸ்வார்ன்ஸ் நிறுத்தவில்லை. ஷீல்ட்ஸ் குடும்பத்தின் வெள்ளை வாரிசுகளையும் கறுப்பு வாரிசுகளையும் தேடிப்பிடித்து மரபணுச் சோதனைக்குச் சம்மதிக்க வைத்தார். இரு தரப்புக்கும் ரத்த உறவு இருப்பது உறுதியானது. டால்ஃபஸின் தகப்பன் பெரும்பாலும் அந்தப் பக்கத்து வீட்டு சார்லஸ்தான் என்று 2012இல் வந்த தன் நூலில் எழுதினார். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை அவர் விட்டுவிடவில்லை. எனக்கு அந்த ஒரு சொல்லின்மேல்தான் மரியாதை.

டால்ஃபஸ் பின்னாளில் அலபாமாவின் பர்மிங்ஹாமுக்குப் போனார். தச்சு வேலை. 1900க்குள் சொந்த வீடு, 1911க்குள் சொந்தத் தொழில். தேவாலயங்களைத் தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. தொண்ணூறு வயதைத் தாண்டி, 1950இல் இறந்தார். அவர் பேரன் பர்னெல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். பர்னெலின் மகள் வயிற்றுப் பேத்திதான் மிஷெல்.

மெல்வினியா? அவள் எடுத்த ஒரு முடிவு மட்டும் காகிதங்களில் தெரிகிறது. விடுதலைக்குப் பல ஆண்டுகள் கழித்து, தன் முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ, ஷீல்ட்ஸ் நிலத்தை விட்டு வடக்கு ஜார்ஜியாவின் கிங்ஸ்டன் பக்கம் போய்விட்டாள். ஏன் அங்கே? அங்கே மரியா ஈஸ்லி, போலஸ் ஈஸ்லி என்ற தம்பதி இருந்தார்கள். இருவரும் மெல்வினியா பிறந்த அதே பேட்டர்சன் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள். உயில் பிரித்துப்போட்ட மனிதர்களை, முப்பது ஆண்டுகள் கழித்து அவளே கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். கையில் ஒரு காகிதம் கிடையாது. டால்ஃபஸ் கட்டிக்கொண்டது ஈஸ்லி தம்பதியின் மகள் ஆலிஸை. சம்பந்தியே ஆகிவிட்டார்கள்.

1938இல் மெல்வினியா இறந்தாள். இறப்புச் சான்றிதழில் அம்மா, அப்பா பெயருக்கு இடம் இருந்தது. இந்தத் தடவை பத்தி இருந்தது. உறவினர் ஒருவர் கையொப்பமிட்ட அந்தப் படிவத்தில் அங்கே நிரப்பியிருந்தது: ‘தெரியாது’.