கழற்றாத தொப்பி

கிறிஸ்தவ வழிபாட்டில் தலையை மூடுவதா திறப்பதா என்ற விவகாரம் பவுலிடம் தொடங்குகிறது. தொடங்கிய இடத்திலேயே அது தெளிவாக இல்லை. கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11-வது அதிகாரத்தில், ஜெபிக்கும் ஆண் தலையை மூடிக்கொள்வதும் ஜெபிக்கும் பெண் மூடாமலிருப்பதும் அவமானம் என்கிறார். படைப்பின் வரிசை, தேவதூதர்கள், இயற்கை, பெண்ணின் நீண்ட கூந்தல் என்று காரணங்களை அடுக்குகிறார். ஒன்றும் போதவில்லை போலிருக்கிறது. கடைசியில் சபைகளின் வழக்கத்தைச் சுட்டிக்காட்டி வாதத்தை முடித்துக்கொள்கிறார். வழக்கத்துக்குக் காரணம் சொல்லப் புறப்பட்டவர் வழக்கத்தையே காரணமாகச் சொல்லி நிறுத்துகிறார்.

அந்த வழக்கம் யாருடையது என்று பார்க்க வேண்டும். கொரிந்து கி.மு. 44-ல் ஜூலியஸ் சீஸரால் ரோமானியக் குடியேற்றமாக மீண்டும் நிறுவப்பட்ட நகரம். கிரேக்கர்கள் வெறுந்தலையோடு பலி கொடுத்தார்கள். ரோமானியர்கள் மேலங்கியின் விளிம்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு பலி கொடுத்தார்கள். கொரிந்தில் அகழ்ந்தெடுத்த அகஸ்டஸின் சிலை அப்படித்தான், மூடிய தலையோடு நிற்கிறது. ஆகவே பவுல் காலத்துக் கொரிந்தில் தலையை மூடிய ஆண் என்றால் பலி நடத்தும் பெரிய மனிதன் என்று ஓர் அர்த்தம் இருந்திருக்கும். சபைக்குள் அந்தத் தோரணை வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. இயற்கையையும் தேவதூதர்களையும் சாட்சிக்கு அழைத்துவிட்டார். உள்ளூர் விஷயம் உலக நியதியாயிற்று.

பெண்ணைப் பற்றிய வசனத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு ‘அதிகாரம்’ என்று பொருள். பெண்ணின் தலைமேல் அதிகாரம் இருக்க வேண்டும். யாருடைய அதிகாரம், அவளுடையதா, அவள்மீது இன்னொருவருடையதா என்பது இன்றும் தீராத சர்ச்சை. நம் பழைய தமிழ் வேதாகமம் இந்தச் சங்கடத்தை வைத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் ‘முக்காடு’ என்று போட்டுவிட்டது. ஒரு சொல்லில் ஒரு கேள்வியே காணாமல் போயிருக்கிறது.

அடையாளம் ஊருக்கு ஊர் தலைகீழாகும் என்பதற்கு ரோமாபுரியே சாட்சி. மிங் காலத்துச் சீனத்தில் பெரியவர் முன் வெறுந்தலையோடு நிற்பது மரியாதைக் குறைவு. அங்கே பூசை நிறைவேற்றும் குருக்கள் தலையை மூடிக்கொள்ளலாம் என்று 1615-ல் ஐந்தாம் பவுல் போப் அனுமதி தந்தார். அப்போஸ்தலன் பவுல் ஆணுக்கு விலக்கியதை அதே பெயருடைய போப் அனுமதித்தார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மரியாதை.

மரியாதை என்ற அந்தச் சொல்லையே எதிர்த்துக் கிளம்பியவர்கள்தான் என் அக்கறைக்குரியவர்கள். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் வீட்டுக்குள்ளும் தொப்பி அணிந்திருந்தார்கள். மேலானவர் வந்தால் கழற்றினார்கள். ஜெப நேரத்தில் கடவுளுக்காகக் கழற்றினார்கள். நம் ஊரில் தோள்துண்டு இடுப்புக்கு இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜார்ஜ் ஃபாக்ஸும் அவரைச் சேர்ந்த குவேக்கர்களும், கடவுளுக்குச் செய்யும் மரியாதையை மனிதனுக்குச் செய்ய மாட்டோம் என்றார்கள். எவர் முன்னும் தொப்பி இறங்காது. எவரையும் ஒருமையில்தான் அழைப்பார்கள். ‘நீங்கள்’ கிடையாது.

1656-ல் லான்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் ஃபாக்ஸ் தொப்பியோடு நின்றார். தலைமை நீதிபதி கிளின் கழற்றச் சொன்னார். வேதத்தில் எந்த நீதிபதி அப்படிக் கட்டளையிட்டிருக்கிறார் என்று ஃபாக்ஸ் கேட்டார். வேதத்தில் தொப்பியே எங்கே இருக்கிறது என்று நீதிபதி மடக்கினார். தானியேல் புத்தகத்தில், நேபுகாத்நேச்சார் மூன்று பேரைத் தொப்பியோடு சூளையில் போட்டானே என்றார் ஃபாக்ஸ். ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் இருக்கிறது. தொடர்ந்து அவர் கிடந்தது டூம்ஸ்டேல் என்ற, மலமும் நீரும் தேங்கிய நிலவறையில்.

மில்டனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டிய தாமஸ் எல்வுட் தன் சரிதையில் எழுதியிருக்கிறார்: தந்தையின் முன் தொப்பியைக் கழற்ற மறுத்தபோது தந்தை அவரை அடித்து, தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார். தலைக்கு ஒன்றுமில்லாமல் மகன் அந்தக் குளிர்காலத்தை வீட்டுக்குள் கைதிபோல் கழித்தார். 1670-ல் லண்டனில் வில்லியம் பென், வில்லியம் மீட் இருவர்மீதும் நடந்த வழக்கு இன்னும் விசித்திரம். உள்ளே வரும்போது சேவகன் ஒருவன் அவர்கள் தொப்பிகளைக் கழற்றிவிட்டான். நீதிமன்றம் அவற்றைத் திரும்பத் தலையில் வைக்க உத்தரவிட்டது. பிறகு, தொப்பியோடு நின்றதற்காக ஆளுக்கு 40 மார்க் அபராதம் விதித்தது. ஜூரிகள் பட்டினி போடப்பட்டும் இருவரையும் குற்றவாளிகள் என்று சொல்லவில்லை. ஜூரிகளுக்கும் அபராதம். கட்ட மறுத்த எட்வர்ட் புஷலின் வழக்கில்தான், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்பது நிலைபெற்றது. பென்னும் மீடும் குற்றமற்றவர்கள் என்று ஆன பிறகும் தொப்பி அபராதத்துக்காகச் சிறைக்குப் போனார்கள்.

இதுவரை வீரக் கதை. குவேக்கர் வரலாற்றை எழுதுகிறவர்கள் விரும்பிச் சொல்லும் பகுதியும் இதுதான். இதற்குள் இன்னொரு கதை இருக்கிறது. அதில் நாயகனுக்கு வெற்றி இல்லை.

ஜான் பெரட் அயர்லாந்திலிருந்து வந்த குவேக்கர். கவிதை எழுதுகிறவர். போப்பை மனம் மாற்றப் போவதாக ரோமாபுரிக்குப் போனார். 1658-ல் பிடித்து, பைத்தியக்கார விடுதியில் அடைத்தார்கள். உடன் சென்ற ஜான் லஃப் காவலிலேயே இறந்தார். அந்த அடைப்பில் பெரட்டுக்கு ஒரு கேள்வி எழுந்தது. மனிதர் முன் தொப்பியைக் கழற்றுவது வெற்றுச் சடங்கு என்றால், கடவுள் முன் கழற்றுவது மட்டும் எப்படிச் சடங்கில்லை? ஜெபம் தொடங்கியதும் கை தானாகத் தொப்பிக்குப் போகிறது. ஆவியின் ஏவுதல் அதில் எங்கே? உள்ளிருந்து கட்டளை வந்தால் கழற்றுவேன், வராவிட்டால் மாட்டேன் என்றார் அவர். 1661-ல் விடுதலையாகி லண்டன் வந்தபோது, பாடுபட்டுத் திரும்பியவர் என்ற மதிப்பும் இந்தக் கேள்வியும் சேர்ந்தே வந்தன. பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள்.

ஃபாக்ஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவர் எதிர்ப்பை வெறும் தலைவனின் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. குவேக்கர் கூட்டத்தில் ஒருவர் ஜெபிக்கும்போது தொப்பியைக் கழற்றாமலிருப்பதற்கு ஏற்கெனவே ஓர் அர்த்தம் உண்டு: உன் ஜெபம் கடவுளிடமிருந்து வந்ததல்ல, அதில் எனக்குப் பங்கில்லை. 1656-ல் எக்ஸிட்டர் சிறையில் ஃபாக்ஸ் ஜெபித்தபோது ஜேம்ஸ் நேலரும் அவர் சகாக்களும் தொப்பியைக் கழற்றவில்லை. அந்தக் காயம் ஆறியிருக்கவில்லை. பெரட் சடங்கை விட்டு வெளியேறுவதாக நினைத்துச் செய்தது, பார்த்தவர்களுக்கு இன்னொரு சடங்காகத் தெரிந்தது. கழற்றினால் ஒரு பொருள், கழற்றாவிட்டால் ஒரு பொருள். பொருளே இல்லாமல் தலையில் ஒரு தொப்பியை வைத்துக்கொள்ள அந்தக் கூட்டத்தில் யாராலும் முடியாது. ஃபாக்ஸ் இதை உணர்ந்திருந்தார். பெரட் உணரவில்லை, அல்லது உணர்ந்தும் பொருட்படுத்தவில்லை.

பெரட்டின் தர்க்கம் அங்கே நிற்கவில்லை. குறித்த நாளில், குறித்த நேரத்தில் கூடுவதும் சடங்குதானே என்று போயிற்று. நாணயமான தர்க்கம். ஆனால் அதன் முடிவில் கூட்டம் என்று ஒன்று மிஞ்சாது. 1662-ல் அவர் பார்படோஸ் தீவுக்குப் போனார். அங்கே அரசு உத்தியோகம் ஏற்று, இடுப்பில் வாள் கட்டி, குவேக்கர்கள் வெறுத்த சத்தியப் பிரமாணத்தை மற்றவர்களிடம் வாங்கினார் என்று அவருடைய எதிரிகள் எழுதிவைத்தார்கள். 1665-ல் ஜமைக்காவில் இறந்தார். 1666-ல் குவேக்கர் மூத்தவர்கள் லண்டனிலிருந்து ஓர் அறிக்கை விடுத்தார்கள். தனி மனிதனின் ஒளியைக் கூட்டத்தின் தீர்ப்பு அளக்கும், அடங்காதவர் வெளியே என்பது அதன் சாரம். வேதத்தில் கட்டளை எங்கே என்று நீதிபதியைக் கேட்டவரின் இயக்கம், அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டவனுக்குச் சொன்ன பதில் இது.

அதே 1666-ல் மார்கரெட் ஃபெல் பெண்கள் சபையில் பேசும் உரிமைக்காக ஒரு சிறுநூல் வெளியிட்டார். பவுல் முக்காட்டைப் பற்றிப் பேசுவதே, பெண்கள் வாய்விட்டு ஜெபித்தார்கள் என்பதற்குச் சாட்சி என்ற திசையில் அதில் ஒரு வாதம் போகிறது. துணியை விட்டுவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு நேர் எதிராகச் செய்தது. 1917-ன் திருச்சபைச் சட்டம் ஆலயத்தில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்றது. 1976-ல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை ஒன்று, பவுலின் முக்காட்டு விதி அந்தக் காலத்து வழக்கம், இன்று செல்லாது என்றது. பெண்களுக்குக் குருப்பட்டம் கிடையாது என்று அறிவித்ததும் அதே அறிக்கைதான். 1983-ன் புதிய சட்டத்தில் முக்காட்டைப் பற்றிய பேச்சே இல்லை. விலக்கவில்லை, விவாதிக்கவில்லை, விட்டுவிட்டது. துணி போயிற்று, அதிகாரம் இருந்த இடத்தில் இருக்கிறது.

இதனால்தான் தோற்றுப்போன பெரட்டின் பக்கம் என் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. ஒரு கூட்டம் நிலைக்க வேண்டுமானால் ஃபாக்ஸ் செய்ததைத்தான் செய்ய வேண்டியிருக்கும். அதை மறுப்பதற்கில்லை. குவேக்கர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது அவருக்குச் சாதகமான சாட்சி. ஆனால் கை பழக்கத்தால் தொப்பிக்குப் போகும் அந்தக் கணத்தில் ஜெபம் நடக்கிறதா என்ற கேள்வியை 1666-ன் அறிக்கை தொடவே இல்லை. கேட்டவனை வெளியே நிறுத்தியது, அவ்வளவுதான். கூட்டங்கள் பெரும்பாலும் அப்படித்தான் பதில் சொல்கின்றன, சிறிய கூட்டங்களும்.