மருத்துவக் காய இழப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் (கலிபோர்னியா)

மருத்துவக் காய இழப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1975 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமாகும். மருத்துவர்களின் காப்புறுதிக் கட்டணம் பெருமளவு உயர்ந்ததே இதற்குக் காரணம். மருத்துவக் கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர் வலி, மன வேதனை போன்றவற்றுக்காகப் பெறும் இழப்பீடு 250,000 டாலர்களுக்கு மேற்படாதவாறு இச்சட்டம் வரையறுத்தது.

மருத்துவச் செலவுக்கும் இழந்த ஊதியத்துக்கும் வரம்பு விதிக்கப்படவில்லை. எனவே ஊதியம் ஈட்டாத குழந்தைகள், முதியோர், இல்லத்தரசிகள் ஆகியோரையே இவ்வரம்பு பெரிதும் பாதித்தது. வழக்கறிஞர் கட்டணமும் மட்டுப்படுத்தப்பட்டதால், உரிமை இருந்தும் இவர்களுக்காக வழக்காட முன்வருவோர் குறைவு. விலைவாசி பன்மடங்கு உயர்ந்தும் இத்தொகை 47 ஆண்டுகள் மாறவில்லை. அதனை உயர்த்தும் முன்மொழிவு 46 ஐ 2014 இல் வாக்காளர்கள் நிராகரித்தனர்.

2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2023 இல் வரம்பு 350,000 டாலர்களாக இருந்தது. இறப்பு நேர்ந்தால் 500,000 டாலர்களாக இருந்தது. இவை பத்தாண்டுகளில் படிப்படியாக உயர்ந்து முறையே 750,000, 1,000,000 டாலர்களை எட்டும்.